கூலிப் பதிவேடும் சிபில் எண்ணும்: கோலார் தங்கவயலில் கடன் தகுதியின் வரலாறு

1941இல் அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் டுராண்ட் ஒரு மதிப்பெண் அட்டவணையை வெளியிட்டார். தவணைக்கடன் கொடுத்த 37 நிறுவனங்களிடமிருந்து ஏறத்தாழ 7,200 கணக்குகளைத் திரட்டி, ஒழுங்காக அடைந்தவை, அடையாமல் போனவை என்று பிரித்தார். கடன் வாங்கியவர்களின் எந்தக் குணங்கள் இவ்விரு பகுதியையும் வேறுபடுத்துகின்றன என்று கணக்கிட்டார். ஆர்.ஏ. ஃபிஷர் 1936இல் மலர் வகைகளைப் பிரித்தறியப் பயன்படுத்திய புள்ளியியல் முறைதான் இது. வயது 20ஐத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.01, உச்சம் 0.30. ஒரே இடத்தில் குடியிருப்பதற்கு ஆண்டுக்கு 0.042, உச்சம் 0.42. ஒரே முதலாளியிடம் வேலை செய்வதற்கு ஆண்டுக்கு 0.059, உச்சம் 0.59. வங்கிக் கணக்கு இருந்தால் 0.45, சொந்த வீடோ நிலமோ இருந்தால் 0.35, பெண்ணாக இருந்தால் 0.40. மொத்தம் 1.25ஐ எட்டினால் கடன் கொடுக்கலாம்.

இந்த அட்டவணை கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்காகப் போடப்பட்டதல்ல. ஆயினும் அங்குள்ள சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. வயது ஐம்பது, பத்தாண்டுக்கு மேல் அதே லைன் வீடு (வரிசை வீடு), அதே சுரங்கம். நிலமில்லை, வங்கிக் கணக்குமில்லை. கூட்டினால் 1.31. தேறிவிடுகிறார்! அங்கே சுரங்கம் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடியது. மறுநாள் அவருடைய எண் 0.72.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கு வந்த காலத்திலிருந்து, வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்து மக்கள் குழிக்குள் இறங்கிய நூறாண்டுக்கும் மேலாக, தொழிலாளியின் நாணயத்துக்குச் சான்றாக நின்றது கம்பெனியின் கூலிப் பதிவேடு. தொழிலாளியை அடையாளப்படுத்தும் ஏடுகளின்மீது கம்பெனிக்கு இருந்த ஆசையும் பெரிது. விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். (இன்று கடன் விண்ணப்பத்துக்கு ஆதார் கருவியில் பெருவிரல் வைக்கையில் யாரும் முகம் சுளிப்பதில்லை.) கடன் கொடுப்பவர் அறிய வேண்டியிருந்தது ஒன்றே: சம்பள நாள் எது? அன்று வாசலில் நின்று வசூலிக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931இல் தந்த அறிக்கையில், கடன் வசூலுக்காகத் தொழிற்கூட வாசலை வளைத்து நிற்பதைக் குற்றமாக்கச் சொன்னது. ஆனால் தங்கவயல் இருந்த மைசூர் சமஸ்தானம் அந்த ஆணையத்தின் வரம்புக்கு வெளியே இருந்தது.

சுரங்கம் மூடியதும் பதிவேடு போயிற்று. குடியிருந்த வீடோ கம்பெனியுடையது. பட்டா இல்லாத வீட்டை எந்த வங்கியிலும் அடமானம் வைக்க முடியாது. அந்த இடைவெளியில் வந்தவை மகளிர் குழுக் கடன்கள். ஈடு கேட்காமல், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பையே ஜாமீனாகக் கொண்டவை. பக்கத்து வீட்டுக்காரி அறிந்ததைச் சிறுகடன் நிறுவனம் இரவல் வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் ஒரே பெண் நான்கு குழுக்களில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தாலும் நான்கு நிறுவனங்களுக்கும் தெரியாது. இம்முறை முறிந்தது தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில். 2009இல் கோலார் நகரின் அஞ்சுமன் என்ற முஸ்லிம் சமுதாய அமைப்பு, முஸ்லிம் பெண்கள் தவணை கட்ட வேண்டாம் என்று அறிவித்தது. ராமநகரம், மைசூர் போன்ற ஊர்களிலும் வசூல் நின்றது. பட்டுத் தொழிலின் நலிவும் பல இடங்களில் வாங்கிய கடனும் காரணங்களாகப் பேசப்பட்டன. 2010இல் ஆந்திராவில் மூண்ட நெருக்கடி இதைவிடப் பெரிது. ஆகவே கோலாரை ஆய்வாளர்கள் அடிக்குறிப்பாக்கிவிட்டார்கள். என் பார்வையில் கோலார் ஒரு முன்னெச்சரிக்கை.

யார் எங்கே கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் கோலார் நெருக்கடிக்கு முன்பே இருந்தன. சிபில் 2000இல் பதிவாகி, 2004இல் தனிநபர் தகவல் சேவையைத் தொடங்கி, 2007இல் மதிப்பெண் தந்தது. 2005இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் சிறுகடன் வாங்கிய ஏழைப் பெண்கள் அந்த ஏடுகளில் பெரும்பாலும் இல்லை. 2011 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள்தாம் இதை மாற்றின: சிறுகடன் நிறுவனம் தகவல் நிறுவனத்தில் உறுப்பினராக வேண்டும், ஒருவருக்கு இரண்டு சிறுகடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது, மொத்தக் கடன் 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. 2022இல் எண்ணிக்கை, தொகை வரம்புகள் போய், மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்றாயிற்று.

300 முதல் 900 வரை நீளும் சிபில் எண், டுராண்டின் அட்டவணைக்குப் பேரப்பிள்ளை முறை; முகச்சாயல் மட்டும் மாறிவிட்டது. தவணை நாள் தவறியதா, அனுமதித்த வரம்பில் எவ்வளவு எடுத்தாகிவிட்டது, கணக்கு எத்தனை ஆண்டு பழையது, அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டிருக்கிறார் என்பவைதாம் அதன் சரக்கு. தொழிலும் வருமானமும் குடியிருப்பும் அதில் இல்லை. வங்கிகள் தங்கள் சொந்த மதிப்பீட்டில் அவற்றைச் சேர்ப்பதுண்டு. ஆயினும் முதல் வடிகட்டி பெரும்பாலும் இந்த எண்தான். கடனே வாங்காதவருக்குச் சிபிலின் பழைய அறிக்கைகளில் மைனஸ் 1 என்று வரும். கடன்பட்டதில்லை என்ற பெருமை கழித்தல் குறியாக அச்சிடப்படுவதை நம் பாட்டிமார் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி ஆணை. அடுத்த மாதமே சிறுகடன் வசூல் கொடுமைகளுக்கு எதிராகக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டது. விட்லி ஆணையம் சுட்டிய வாசல், 94 ஆண்டுகளில், ஆலையிலிருந்து வீட்டுக்கு மாறியிருந்தது.

தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்கள் மாதந்தோறும் சீசன் டிக்கெட் எடுக்கிறார்கள். டுராண்ட் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு எடை போட்டிருக்கக்கூடும். கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் அதற்குப் பத்தி இல்லை.