பாயே பள்ளிக்கூடம்



பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சியைப் பற்றி உங்களுள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெருநகரங்களில், கண்ணாடிச் சுவர் எழுப்பிய கூடங்களில், கம்பிச்சுருளும் வாரும் பூட்டிய பொறிகளின் மேல் செல்வர் செய்யும் பயிற்சி அது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அவ்வெண்ணம் முழு உண்மையன்று. அப்பயிற்சி முள்வேலிக்குள் அடைபட்ட மனிதரிடையே வளர்ந்தது. அதன் வேர் தரையில் விரித்த ஒரு பாயில் இருக்கிறது. பாய் என்றால் நாம் உறங்கும் கோரைப்பாய் அன்று. முதுகெலும்பு உறுத்தாதபடி சற்றுத் தடித்த விரிப்பு. கற்பிப்போருக்கும் கற்போருக்கும் அந்த விரிப்பு ஏன் இன்றியமையாதது என்பதை அதன் வரலாற்றின் வாயிலாகக் காண்போம்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜெர்மனியின் மொன்சென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். ஆஸ்துமாவும், எலும்பை மெலிவிக்கும் ரிக்கெட்ஸ் நோயும், வாதக் காய்ச்சலும் அவரை இளமையிலேயே வாட்டின. நோயுற்ற பிள்ளை தன் உடலைத் தானே திருத்திக்கொள்ள முனைந்தது. உடற்பயிற்சி வகைகளையும் குத்துச்சண்டையையும் கற்றுத் தேறி, முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் அவர் இங்கிலாந்து சென்றார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெர்மானியர் ஒரே நாளில் பகைநாட்டவர் ஆயினர். 1915 மே 7-ஆம் நாள் லூசிடானியா என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. மக்களின் சினம் பொங்கியது. போர் புரியும் வயதுடைய பகைநாட்டு ஆடவர் அனைவரும் காவலில் வைக்கப்படுவர் என்று அதே திங்களில் பிரதமர் ஆஸ்குவித் அறிவித்தார். பிலாட்டீஸும் அடைபட்டார். முதலில் லங்காஸ்டரிலும், பின்னர் மாண் தீவிலிருந்த நாக்கலோ முகாமிலும் அவர் இருந்தார். நாக்கலோவில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட ஆடவர் மரக் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர்.

அவர்களுள் பெரும்பாலோர் குற்றம் எதுவும் செய்தவர் அல்லர். சமையற்காரர், முடிதிருத்துவோர், தையற்காரர் போன்ற எளிய தொழிலாளரே மிகுதி. என்று விடுதலை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தனிமையும் இல்லை, செய்வதற்கு வேலையும் போதவில்லை. இத்தகைய முகாம்களில் வாழ்ந்தோரின் உள்ளத்தில் தோன்றிய எரிச்சலையும் மறதியையும் மனச் சோர்வையும் ஆராய்ந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் விஷர் என்பவர், 1918-இல் அதற்கு "முள்வேலி நோய்" என்று பெயரிட்டார்.

அந்தச் சூழலில்தான் பிலாட்டீஸ் உடன் இருந்தவர்களுக்குப் பயிற்சி கற்பிக்கத் தொடங்கினார். கருவி வாங்கப் பணம் இல்லை. அவரிடம் இருந்தவை தரையும், மனித உடலும், மிகுதியான நேரமுமே. அம்மூன்றையும் கொண்டு ஒரு கலையை அவர் வளர்த்தார். படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகளின் கட்டிலில் கம்பிச்சுருள்களைக் கட்டி, அவர்கள் கைகால்களை அசைக்க உதவினார் என்றும் அவர் வழிவந்தோர் கூறுவர்.

1926-இல் அவர் அமெரிக்கா சென்றார். தம் துணைவி கிளாராவுடன் நியூயார்க் நகரின் எட்டாம் அவென்யூவில் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். உடலை உள்ளம் ஆளும் கலை என்ற பொருளில் தம் முறைக்குக் "கன்ட்ராலஜி" என்று பெயர் வைத்தார். கம்பிச்சுருள்களால் இழுக்கப்படும் வழுக்குப் பலகையைக் கொண்ட "ரிஃபார்மர்" முதலிய பொறிகளையும் அமைத்தார். காயமுற்ற நடனக் கலைஞர் பலர் அவரை நாடி வந்தனர். ஆயினும், 1945-இல் தம் முறையை நூலாக வெளியிட்டபோது அவர் விளக்கியவை பொறிப் பயிற்சிகள் அல்ல. பாயில் செய்யும் 34 பயிற்சிகளே. படங்களில் அவரே செய்து காட்டுகிறார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அதே வயதை எட்டிய நான் அப்படங்களைக் கண்டு சற்று நாணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவற்றுள் முதலாவதன் பெயர் "நூறு". மல்லாந்து படுத்துக் கால்களைத் தரையிலிருந்து சிறிதே உயர்த்த வேண்டும். தலையைத் தூக்கி, நீட்டிய கைகளை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்தல், ஐந்து எண்ணும்வரை வெளிவிடுதல். இவ்வாறு பத்து முறை செய்தால் நூறு ஆகும். முதல் நாளிலேயே நூறு எண்ணுதல் ஆகாது. இருபதில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துக என்பது அவர் விதி. நல்லாசிரியர் பாடம் நடத்தும் முறையும் இதுவே அன்றோ?

இரண்டாவது பயிற்சியில், படுத்திருப்பவர் மெல்ல எழுந்து அமர்ந்து முன்னே வளைகிறார். பின்னர் மெல்லப் படுக்கிறார். எளிது போல் தோன்றும். செய்து பார்த்தால் அருமை விளங்கும். முதுகெலும்பின் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பாயை விட்டு எழ வேண்டும். ஒவ்வொன்றாகவே பாயில் படிய வேண்டும். வயிற்றுத் தசை வலுவற்றவர் உடலை வெட்டி இழுத்து எழுவார். அல்லது அவர் கால்கள் மேலே கிளம்பிவிடும். குறையைப் பாய் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

பாயின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. பொறியில் கம்பிச்சுருள் ஓரிடத்தில் உடலைத் தாங்குகிறது, ஓரிடத்தில் எதிர்க்கிறது. மெலிந்தவருக்கு அது நல்ல துணை. பாயிலோ அத்தகைய துணை இல்லை. தன் உடலின் எடையையே கற்பவர் சுமக்கிறார். தன் அசைவைத் தானே அடக்குகிறார். கற்றதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அவரால் முடியும். ஆறடித் தரை போதும். ஆசிரியர் இல்லாத நாளிலும் பயிற்சி நடைபெறும்.

ஆசிரியருக்கும் பாயே உரைகல். பொறியின் பின்னே அவர் ஒளிந்துகொள்ள இயலாது. இருபது பேர் படுத்திருக்கும் கூடத்தில், யார் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார், யார் கழுத்தை இறுக்குகிறார் என்பதை அவர் கண் காண வேண்டும். சொல்லாலேயே திருத்த வேண்டும். பிலாட்டீஸின் மாணவியருள் கேத்தி கிராண்ட் என்னும் நடனக் கலைஞர் ஒருவர். முழங்கால் காயத்தோடு வந்து கற்ற அவர், பிற்காலத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடன மாணவர்களுக்குப் பாய்ப் பயிற்சி அளித்தார். உவமைகளைக் கூறி அசைவை உணர்த்துவது அவர் வழக்கம். உடலின் பாடத்திற்கும் மொழி வேண்டும் என்பதற்கு அவர் சான்று.

நிற்க. எப்பயிற்சியையும் அளவின்றிப் புகழ்தல் தகாது. பிலாட்டீஸ் முறை இடுப்பு வலியைத் தணிக்குமா என்பது பற்றி நடந்த 10 ஆய்வுகளை, 510 பேரின் விவரங்களோடு ஒப்பிட்டு, 2015-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒரு திறனாய்வை வெளியிட்டது. பயிற்சி ஏதும் செய்யாதிருப்பதைவிட இது நன்மை தருகிறது. பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. எலும்பு அடர்த்தி குறைந்த முதியோர் முதுகை முன்னே வளைக்கும் பயிற்சிகளைச் செய்தால் எலும்பு முறியவும் கூடும். எவருக்கு எது ஆகாது என்று அறிந்து நிறுத்துபவரே ஆசிரியர்.

பிலாட்டீஸ் 1967-இல் மறைந்தார். அதன் பிறகு அவர் பெயரே வழக்குப் பொருளாயிற்று. அப்பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருந்தவர்கள், பிறர் அதைப் பயன்படுத்தலாகாது என்றனர். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: யோகா, கராத்தே என்பன போலப் பிலாட்டீஸ் என்பதும் ஒரு பயிற்சி முறையின் பெயர், அது தனி ஒருவர் உடைமையாகாது. பெயர் அனைவருக்கும் பொதுவாயிற்று. அதனால் ஒரு பொறுப்பும் வந்தது. வாயிலில் தொங்கும் பலகையைக் கண்டு ஆசிரியரின் தகுதியை இனி அறிய முடியாது. பாயின் அருகே நின்று அவர் எதைக் காண்கிறார், எதைச் சொல்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்பவற்றைக் கொண்டே அறிய வேண்டும்.

மாணவர்களே! நாக்கலோ முகாம் 1919-இல் மூடப்பட்டது. வேலியும் குடிசைகளும் அகற்றப்பட்டன. அங்கே அடைபட்ட ஒருவர் வெறுந்தரையில் கற்பித்த பாடம் உலகெங்கும் நடைபெற்று வருகிறது. நல்ல கட்டடம் இல்லை, கருவி இல்லை, காலம் கூடவில்லை என்று நீங்கள் தளரும் வேளையில் அந்தத் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். கற்க விரும்பும் ஒருவரும் கற்பிக்கத் தெரிந்த ஒருவரும் கூடும் இடமே பள்ளிக்கூடம். ஒரு பாயின் அளவுக்கு இடம் இருந்தால் அது போதும்.