ஒற்றைப்படைத் தேதிக் கடிதங்கள்

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் ஏதாவது ஒரு ட்ரெயினிங்கில் 'ஸ்டாக்டேல் முரண்' என்ற ஸ்லைடைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் ஜெயிப்போம் என்று நம்பு, ஆனால் இன்றைய நிலைமையை மறைக்காமல் பார் என்பது அதன் சாரம். யார் இந்த ஸ்டாக்டேல் என்று தேடப் போனேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினது ஒரு புருஷன் பெண்டாட்டியின் கடிதப் போக்குவரத்தில்.

முழுப் பெயர் ஜேம்ஸ் பாண்ட் ஸ்டாக்டேல். சிரிக்காதீங்க, நாவல் வருவதற்கு முப்பது வருஷம் முன்பு, 1923இல் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படை விமானி. 1947இல் சிபிலைக் கல்யாணம் செய்துகொண்டார். நாலு பையன்கள்.

1965 செப்டம்பர் 9 அன்று வட வியட்நாமில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உடைந்த காலோடு பிடிபட்டு, ஹனோயின் ஹோவா லோ சிறைக்குப் போனார். கலிபோர்னியாவில் இருந்த சிபிலுக்கு முதல் கடிதம் வர ஏழு மாசம் ஆனது.

மேலோட்டமாகப் பார்த்தால் நலம் விசாரிக்கிற கடிதம்தான். ஆனால் இருபது வருஷத் துணைக்குச் சில வரிகள் உறுத்தின. வியட்நாம் குளிரைப் பற்றி எழுதும்போது, நண்பகலிலும் இருட்டு என்கிற மாதிரி ஒரு வரி. ஸ்டாலின் காலத்துச் சிறை விசாரணையைப் பற்றி ஆர்தர் கோஸ்லர் எழுதிய நாவலின் தலைப்பும் அதுதான். 'சித்திரவதை நடக்கிறது' என்று மனைவிக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார் மனுஷன்.

சிபில் அதைக் கடற்படை உளவுத்துறையிடம் கொண்டு போனார். அங்கே பாப் பரோஸ் என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: கடிதத்திலேயே ரகசியச் செய்தி அனுப்பலாம். ஆனால் மாட்டினால் அவர் போர்க் கைதி இல்லை, உளவாளி. உயிருக்கே ஆபத்து. புருஷனிடம் கேட்க வழியும் கிடையாது. சிபில்தான் முடிவெடுக்க வேண்டும். யோசிச்சுப் பாருங்க, வீட்டில் நாலு பிள்ளைகள். சரி என்றார்.

1966 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்டாக்டேல் கைக்கு ஒரு போலராய்டு போட்டோ வந்தது. கடலில் ஒரு பெண்மணி, அவருடைய அம்மாவாம். அம்மா ஜாடையே இல்லை. தூக்கிப் போட நினைத்தவர், ஏதோ தோன்றி நனைத்துப் பார்த்தார். போட்டோ பிரிந்து உள்ளே பொடி எழுத்தில் ஒரு செய்தி!

செய்தி இதுதான்: இனி ஒற்றைப்படைத் தேதியிட்டு வரும் கடிதங்கள் கண்ணுக்குத் தெரியாத கார்பன் பேப்பரில் எழுதியவை. அதை வைத்து நீயும் ரகசியமாக எழுதலாம். அப்படி எழுதும் கடிதத்தை 'அன்பே' என்று ஆரம்பித்து, 'உன்மேல் உயிரையே வைத்திருக்கும் கணவன்' என்கிற பொருளில் முடி.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு ஹெட்டர், ஒரு ஃபுட்டர். பிரியமான வார்த்தையே சிக்னல். எந்தச் சிறை அதிகாரிக்கும் சந்தேகம் வராது, ஏன்னா அவர் நிஜமாகவே அப்படி எழுதக்கூடிய ஆள். குடும்பப் பாசமும் உத்தியோகமும் வேற வேற என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். இங்கே முதலாவது இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது.

அந்த வழியில் சக கைதிகளின் பெயர்களும், சித்திரவதை விவரமும் வெளியே வந்தன. ஆனால் சிபிலுக்கு அது பெரிய பாரம். நடக்கிற கொடுமை தெரியும், வெளியே சொல்ல முடியாது. கைதிகளின் மனைவிகள் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் அன்றைய அரசுக் கொள்கை. 1968இல் அவர் அதை மீறிப் பத்திரிகையில் பேசினார். அடுத்த வருஷம் அரசே கொள்கையை மாற்றிக்கொண்டது. 1970இல் கைதிகளின் குடும்பங்களுக்கான தேசிய அமைப்பு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1969 கடைசியில் இருந்து சிறைக் கொடுமையும் குறைந்தது. ஹோ சி மின் மறைவும், குடும்பங்கள் கிளப்பிய சத்தமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

1973 பிப்ரவரி 12 அன்று விடுதலை. ஏழரை வருஷம், அதில் நான்கு வருஷத்துக்கு மேல் தனிமைச் சிறை. இடது கால் கடைசிவரை மடங்கவில்லை. 1976இல் அமெரிக்காவின் உச்ச ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது.

1984இல் வந்த அவர்கள் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் அவர், ஒரு அத்தியாயம் சிபில் என்று மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். அதுதான் நியாயம். அடுத்த தடவை அந்த ஸ்லைடு வந்தால், சிபில் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்க.