மாஸ் அருங்காட்சியகம், ஆண்ட்வெர்ப்

மாஸ்: பெல்ஜியத்தின் துறைமுக நகரமான ஆண்ட்வெர்ப்பின் நகர அருங்காட்சியகம். 2011 மே மாதம் திறக்கப்பட்டது.

இடம்: நெப்போலியன் காலத்தில் திட்டமிடப்பட்ட இரு பழைய கப்பல்துறைகளுக்கு நடுவே அமைந்துள்ளது. இங்கிருந்த 16ஆம் நூற்றாண்டு ஹன்சா வணிகர் மாளிகை 1893இல் தீக்கிரையானது. பின்னர் துறைமுகப் பணிகள் வடக்கே நகர்ந்ததால் கிடங்குகள் வெறுமையாகி, ஐலன்ட்யா என்ற இப்பகுதி பொலிவிழந்தது. அதை மீட்கும் நகராட்சித் திட்டத்தின் மையமாக அருங்காட்சியகம் அமைந்தது.

வடிவமைப்பு: நெதர்லாந்தின் நியூட்லிங்ஸ் ரீடைக் நிறுவனம் வடிவமைத்த இக்கோபுரம் சுமார் 60 மீட்டர் உயரமுடையது. இந்தியாவிலிருந்து வந்த செம்மணற்கல் போர்த்திய காட்சிக்கூடங்கள், பெட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்திலிருந்து கால் வட்டம் திரும்பியிருப்பதால், நெளிவுக் கண்ணாடி சூழ்ந்த சுருள்பாதை உருவாகிறது.

பொதுவெளி: இப்பாதையில் நகரும் படிக்கட்டுகள் வழியே கட்டணமின்றி மொட்டைமாடிவரை ஏறலாம், காட்சிக்கூடங்கள் மூடிய பிறகும் இது திறந்திருக்கும். நுழைவுச்சீட்டு வாங்காதவரும் பயன்படுத்தும் செங்குத்துத் தெருவாக இது செயல்படுகிறது. கீழேயுள்ள சதுக்கத்தில் ஓவியர் லுக் டைமன்ஸின் கல்பதிப்போவியம் உள்ளது.

தொகுப்புகள்: நகரின் இனவியல், கடல்சார், நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகங்களின் சேகரிப்புகள் இங்கே ஒன்றிணைக்கப்பட்டன.