இராமநாதபுரம் மாவட்டத் திருவிழாக்கள்

இராமநாதபுரம் மாவட்டத் திருவிழாக்கள் என்பவை தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் சமய, பண்பாட்டு விழாக்கள் ஆகும். இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயங்களின் விழாக்களும் இவற்றுள் அடங்கும்.

நாட்காட்டி

இந்து சமய விழாக்கள் தமிழ் மாதங்களையும் திதி, நட்சத்திரங்களையும் ஒட்டி அமைவதால், ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன. இசுலாமிய நாட்காட்டி சந்திரனை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ஏர்வாடி விழா ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வரும்.

இந்து சமய விழாக்கள்

இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலில் மாசி மாதத்தில் மகா சிவராத்திரி விழாவும், ஆடி மாதத்தில் பர்வதவர்த்தினி அம்மனுக்கு 17 நாள் திருக்கல்யாண விழாவும் நடைபெறுகின்றன. தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் மக்கள் அக்னி தீர்த்தக் கடலில் நீராடி, முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வர். இராமலிங்கப் பிரதிட்டை விழாவின்போது தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலில் வீடணன் முடிசூட்டு நிகழ்ச்சி நடைபெறும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் இக்கோயில் நிலைத்து நின்றது.

உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் அக்காப்பு களையப்பட்டு, மீண்டும் பூசப்படும்.

வங்காளத்தில் துர்கா பூசை நடைபெறும் அதே காலத்தில், இராமநாதபுரம் அரண்மனையில் இராசராசேசுவரி அம்மனுக்கு நவராத்திரி விழா எடுக்கப்படுகிறது. சேதுபதி மன்னர்கள் காலத்தில் இது அரச விழாவாக விளங்கியது. இவ்விழாவை நடத்தும் உரிமையை மதுரை திருமலை நாயக்கர் சேதுபதிக்கு வழங்கியதாகக் கூறப்படுகிறது.

ஏர்வாடி சந்தனக்கூடு

ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் சையது இபுராகிம் சகீது அவர்களின் நினைவாகத் துல்கஃதா மாதத்தில் சந்தனக்கூடு விழா நடைபெறுகிறது. ஊர்வலமாகக் கொண்டுவரப்படும் சந்தனம் அடக்கத்தலத்தில் பூசப்படும். இந்துக்களும் இதில் பெருமளவில் கலந்துகொள்கின்றனர்.

கிறித்தவ விழாக்கள்

கிழவன் சேதுபதி ஆட்சிக்காலத்தில், 1693 பெப்ரவரி 4 அன்று, ஓரியூரில் கொல்லப்பட்ட புனித அருளானந்தரின் நினைவு நாள் அவ்வூரில் கொண்டாடப்படுகிறது.

கச்சத்தீவு அந்தோணியார் ஆலய விழா தவக்காலத்தில் இரண்டு நாட்கள் நடைபெறும். இத்தீவு இலங்கைக்கு உரியது என ஏற்ற 1974 ஆம் ஆண்டு உடன்பாடு, இந்திய வழிபாட்டுப் பயணிகள் பயண ஆவணமோ நுழைவு அனுமதியோ இன்றி அங்குச் செல்ல வழிவகுத்தது. ஈழப் போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த இவ்விழாவில் போருக்குப் பின் இரு நாட்டுத் தமிழரும் மீண்டும் கூடினர். 2016 இல் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. தமிழக மீனவர்கள் இலங்கையில் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து 2024 ஆம் ஆண்டு விழாவை இராமேசுவரம் மீனவர்கள் புறக்கணித்தனர். 2025 மார்ச்சில் மீண்டும் பங்கேற்றனர். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வாழும் உறவினர் நேரில் சந்திக்கும் வாய்ப்பாகவும் இவ்விழா அமைகிறது.