சீனக்குடாவின் ஓரத்தில் ஒரு மூங்கில் கூடை

சென்ற மாதம் திருகோணமலைக்குப் போயிருந்தேன். துறைமுகத்தை அண்டிய வீதி ஒன்றிலே சிறியதொரு சீன உணவகம் திறந்திருக்கிறார்கள். நெகிழி நாற்காலிகள், சுவரில் ஒரு சிவப்பு விளக்கு, மேசைக்கு மேசை மிளகாய்ச் சாந்து. ஆவி பறக்கும் மூங்கில் கூடையொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே நான்கு இறால் டிம் சம். என்னுடன் வந்திருந்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எங்கட கொழுக்கட்டைதானே!" என்றார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் மறந்திருந்த ஒரு குரல் அந்தச் சொல்லில் திரும்பி வந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிம் சம் என்ற சொல்லுக்கு 'நெஞ்சைத் தொடுவது' என்று பொருள் சொல்வார்கள். அது தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்துத் தேநீர்ச் சாலைகளில் வளர்ந்த சிற்றுண்டி. அங்கே அதை உண்ணப் போவதையே 'தேநீர் குடிக்கப் போவது' என்றுதான் சொல்வார்கள். எங்களூர் உணவகத்தில் அதைச் சமைப்பவர் சீனர் அல்லர். வளைகுடா நாட்டு விடுதியொன்றில் பத்து ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய மூதூர்க்காரர். ஆதலால் பன்றி இறைச்சி கிடையாது, இறாலும் கோழியும்தான். ஹொங்கொங்கிலிருந்து வளைகுடா வழியாகச் சுற்றி வந்திருக்கிறது இந்தக் கூடை.

ஆனால் திருகோணமலை சீனரை அறியாத ஊர் அன்று. துறைமுகத்தின் ஒரு பகுதிக்கே சீனக்குடா என்று பெயர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது இந்தத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும்தான். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இன்றும் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. சலவைக்கும் தையலுக்கும் சீனர்களை ஏற்றிக்கொண்டு கடலோடிய பிரித்தானியக் கடற்படை, 1957 இல் தளத்தைக் கையளிக்கும்வரை இவ்வூரில் இருந்தது.

இலங்கையில் குடியேறிய சீனரிற் பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்தவர் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷான்டொங், ஹூபே ஆகிய மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஷான்டொங் மக்கள் தோளிலும் துவிச்சக்கர வண்டியிலும் புடவைப் பொட்டணியைச் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். ஹூபே மக்கள் பல் கட்டினார்கள். கொழும்பில் மட்டுமன்றித் திருகோணமலை போன்ற நகரங்களிலும் சீனப் பல் வைத்தியர் கடை ஒன்று இருந்தது இப்படித்தான்.

எங்கள் ஊரின் சீனத்துப் பல் வைத்தியரிடம் 1978 இல், எட்டு வயதில், அப்பா என்னை அழைத்துப் போனார். கண்ணாடிப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த பொய்ப் பற்களைக் கண்டு நான் அழுதேன். அவர் நல்ல தமிழில், "அழாதை ராசா, அது கடிக்காது" என்றார்.

அப்பா அரசாங்க எழுதுவினைஞர். ஆண்டுதோறும் அந்த வைத்தியர் ஒரு கட்டுக் காகிதங்களுடன் எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். இந்நாட்டில் தொடர்ந்து வசிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் அது. "அவர் இங்கேதானே இருக்கிறார், பிறகு ஏன் கேட்க வேண்டும்?" என்று நான் கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை.

பதில் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியதை நாம் அறிவோம். அதே சட்டத்தின் கதவுக்கு வெளியே ஒரு சிறு தொகைச் சீனரும் நின்றார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வாக்கில்லை, கடவுச்சீட்டில்லை. மலையக மக்களைப் பற்றி 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை எழுதப்பட்டது. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு போட்ட உடன்படிக்கை அது. சீனருக்கு அந்தப் பங்குகூட இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது, ஐந்து ஆண்டுகளுக்கு. சீனத்து அரிசி இந்நாட்டின் பசியைத் தீர்த்த அதே காலத்தில், இங்கே பல் கட்டியும் புடவை விற்றும் வாழ்ந்த சீனர் யாருடைய குடிமக்களும் அல்லர்.

மலையக மக்களுக்காக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சீன வம்சாவளியினருக்காக 2008 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அறுபது ஆண்டுகள்! ஒரு மனிதனின் முழு ஆயுள். அந்தச் செய்தி வந்த இரவு நான் செய்தி மேசையில் இருந்தேன். வடக்கில் போர் உச்சத்தில் இருந்த காலம். உள்பக்கத்தில் நான்கு வரியில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். அப்பா எழுதிய விண்ணப்பங்கள் அப்போது என் நினைவுக்கு வரவில்லை என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வைத்தியர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார், நாடற்றவராகவே.

சொற்களுக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் கிடையாது. தேநீரில் நாம் கலக்கும் சீனி, பண்டிகைக்குக் கொளுத்தும் சீனவெடி, அடுப்பில் ஏற்றும் சீனச்சட்டி யாவும் விண்ணப்பம் எழுதாமலே நம் வீட்டில் குடியேறியவை. மறுதலையாக, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் 'சைனீஸ் றோல்ஸ்' இன்னொரு சான்று. உருளைக்கிழங்கும் மீனும் பிரட்டிய கறியை மெல்லிய அப்பத்தில் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டிப் பொரிப்பது. அந்த வடிவத்தில் அதைச் சீனத்தில் தேடினால் கிடைக்காது. பெயரில் சீனம், உள்ளே இலங்கைக் கறி. இன்று ஸ்காபரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பாரிஸ் லாச்சப்பலிலும் தமிழரின் தாயகச் சுவையாக விற்பனையாவது அதுவே. அதற்கான கோதுமை மாவை அரைக்கும் பெரும் ஆலையை 1980 இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனம் அமைத்த இடம் எது தெரியுமா? அதே சீனக்குடா.

மீண்டும் மூங்கில் கூடைக்கு வருகிறேன். 1978 இல் என் தம்பிக்குப் பல் முளைத்தபோது அம்மா பல்லுக்கொழுக்கட்டை அவித்தார். தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்து, விளிம்பை நகத்தால் அமுக்கிய கொழுக்கட்டை. பல் கட்டுபவருக்கும் ஒரு தட்டம் கொண்டுபோய்க் கொடு என்று என்னை அனுப்பினார். அவர் ஒன்றை எடுத்து, விளிம்பின் மடிப்பை நெடுநேரம் பார்த்தார். "இது எங்கட ஊரிலும் இருக்குது, ராசா" என்றார்.

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் அந்தக் கேள்விக்கு ஒரு காகிதமும் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நண்பர் கடைசி டிம் சம்மை என் தட்டில் வைத்தார். வெளியே துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நான் அதன் விளிம்பின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.