‘காலனி’ எப்படி கீழே இறங்கியது?

போன எபிசோட்ல புதுக்கோட்டை சமஸ்தானத்தோட அம்மன் காசைப் பத்திப் பேசினோம். இன்னைக்கு ஒரு சொல்லைப் பத்தி: காலனி.

சென்னையில நான் வாடகைக்கு இருக்கிற தெருவோட பேர்லயும் அந்தச் சொல் இருக்கு. பேங்க்ல வேலை பார்த்தவங்க சேர்ந்து மனை வாங்கிக் கட்டின இடம். அந்த முகவரியை எழுத இங்க யாரும் கூச்சப்பட்டதில்லை. ஆனா புதுக்கோட்டையில என்கூட ப்ளஸ் டூ படிச்ச ஒரு நண்பன், டவுன் பஸ்ல கண்டக்டர் “காலனி எல்லாம் இறங்கு”ன்னு சத்தம் போடறதுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பான். எங்க வீடு ஊர்ப் பக்கம். அவனுக்கு நடக்கறது பிடிக்கும்போலன்னு ரெண்டு வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

லத்தீன்ல ‘கொலோனியா’ன்னா ரோமானியர்கள் போய்க் குடியேறின ஊர். ஜெர்மனியில இருக்கிற கொலோன் நகரத்தோட பேரே அதுலேர்ந்து வந்ததுதான். ஆங்கிலம் வழியா நம்மகிட்ட வந்த அந்தச் சொல், பட்டியல் சாதி மக்களுக்கு அரசாங்கம் மனை ஒதுக்கி வீடு கட்டிக் கொடுத்தப்போ ‘ஹரிஜன காலனி’, ‘ஆதிதிராவிடர் காலனி’ன்னு ஆவணத்துல ஏறிச்சு. கிராமத்துல முன்னாடி இருந்த அடைமொழி உதிர்ந்து ‘காலனி’ மட்டும் நின்னுச்சு. யாரைச் சொல்றோம்னு கேட்கிறவருக்குப் புரிஞ்சுடும்.

இதுக்கு முன்னாடி இதே வழியில போன சொல் ‘சேரி’. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்க. குடவோலை முறை சொல்ற அதே கல்வெட்டுதான். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்த ஊரோட 12 பகுதிகளையும் ‘சேரி’ன்னுதான் சொல்லுது. அதாவது சேரின்னா சேர்ந்து வாழற இடம், அவ்வளவே. வேளச்சேரியும் புதுச்சேரியும் அந்தக் கணக்குதான். நூறு வருஷம் கழிச்சு, முதலாம் ராஜராஜன் காலத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள்ல வரி இல்லாத நிலங்களோட பட்டியல்ல கம்மாணச்சேரி, பறைச்சேரி எல்லாம் வருது. ‘தீண்டாச்சேரி’யும் வருது. அந்த ஒரு சொல்லைப் படிச்சதும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். ஆயிரம் வருஷப் பழைய வரிக்கணக்குல, யாரும் கோபப்படாம, குளத்தையும் நத்தத்தையும் எழுதற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க.

சொல்லை மாத்தற முயற்சி புதுசு இல்லை. சென்னை மாகாண சட்டசபையில எம்.சி. ராஜா முயற்சி எடுத்து, 1922-ல ‘பறையர்’, ‘பஞ்சமர்’ங்கிற சொற்களுக்குப் பதிலா ‘ஆதி திராவிடர்’னு எழுத அரசு உத்தரவு போட்டது. நம்ம புதுக்கோட்டை அப்போ தொண்டைமான் சமஸ்தானம், மாகாண உத்தரவு எல்லைக்கு வெளியே. 1948-லதான் இந்தியாவோட சேர்ந்தோம். அப்புறம் காந்தி சொன்ன ‘ஹரிஜன்’ வந்துச்சு. அது இரக்கம் காட்டற பேருன்னு அந்த மக்களே வேண்டாம்னாங்க.

எங்க ஊர்ல ‘ஏற்றத்தாழ்வு’ன்னு யாரும் பேசிக் கேட்டதில்லை. அது மேடைச் சொல். வீட்டுல சொல்றது “அவங்க வேற, நாம வேற, அது வழக்கம்.” இந்த ‘வேற’தான் ஆபத்து. வேறுபாடுன்னா ரெண்டு பொருளைப் பக்கத்துல பக்கத்துல வைக்கறது. ஏற்றத்தாழ்வுன்னா ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. டீக்கடையில ரெண்டு கிளாஸும் ஒரே அளவு, டீயும் ஒரே டீ. ‘வேற’ன்னு சொன்னா அதுல தப்பே தெரியாது.

2022 டிசம்பர்ல வேங்கைவயல்ல பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போவோமே, அந்த அன்னவாசல் ஒன்றியம்தான். விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் அங்கே பார்த்தது இரட்டைக் குவளையும், அந்த மக்களுக்கு மூடியிருந்த கோயிலும். தொட்டி சம்பவம் நடக்கலைன்னா அதுவும் ‘வழக்கம்’னே போயிருக்கும். சிபிசிஐடி 2025 ஜனவரியில அதே குடியிருப்பைச் சேர்ந்த மூணு பேர் மேலயே குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஏத்துக்கலை.

அதே வருஷம் ஏப்ரல் 29-ம் தேதி, ‘காலனி’ங்கிற சொல் அரசு ஆவணங்கள்லேர்ந்து நீக்கப்படும்னு முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்துல அறிவிச்சார். வேரியபிள் பேரை மாத்தினா புரோகிராம் மாறிடுமான்னு எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் கேட்டான். நண்பனுக்கு போன் பண்ணி அதையே சொன்னேன். அவன் சிரிக்கலை. “அக்கா பொண்ணை ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கணும்டா. அப்ளிகேஷன்ல அட்ரஸ் எழுதறதுக்குள்ள ஆதார்ல மாறிடுமா?”ன்னு கேட்டான்.

விசாரிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.