தஞ்சாவூர் ஏரோட்ரோமும் கடல் பார்த்த இரண்டு ஸ்குவாட்ரன்களும்

காரைக்காலில் வெளிவரும் மலரில் தஞ்சாவூர் விமானதளத்தின் வரலாறு எதற்கு என்று யாரும் கேட்டால், வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டலாம். புதுக்கோட்டை சாலையில் இருக்கும் அந்த ஓடுபாதைக்கும் நம் கடற்கரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கி.மீ.தான். வங்கக்கடலை நோக்கிக் கிளம்பும் விமானம் நிலத்தை விட்டு நீங்கும் கரை நம்முடையது. ஜன்னல் கண்ணாடி அதிரும்படி வானத்தில் வெடிச்சத்தம் கேட்டால், டெல்டா கடலோரத்துக்காரர்கள் இப்போது முதலில் சந்தேகப்படுவது சுகோய் விமானத்தைத்தான்.

அந்தத் தளத்தின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. அழிந்துபோன ஒரு ஸ்குவாட்ரனும், கலைத்து வைக்கப்பட்ட ஒரு ஸ்குவாட்ரனும் 77 ஆண்டு இடைவெளியில் அதே மண்ணில் மறுபடி உயிர்பெற்றன. இரண்டுக்கும் கொடுத்த வேலையும் ஒன்றே: கடலைப் பார்த்துக்கொள்வது.

முதலாவது, பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் ஸ்குவாட்ரன். சிங்கப்பூரில் நிலைகொண்டிருந்த இதன் முழக்கவாசகம்கூட மலாய் மொழியில்தான். கையிலிருந்தது வில்டபீஸ்ட் என்ற இரட்டை அடுக்குச் சிறகு விமானம். டார்பிடோ போடுவதற்கென்று செய்தது. மணிக்கு 250 கி.மீ. வேகம் எட்டினாலே பெரிது. 1942 ஜனவரி 26 அன்று மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவ் அருகே ஜப்பானியர் படையை இறக்கியபோது, பட்டப்பகலில் இவற்றை அனுப்பினார்கள். எதிரே நவீனப் போர்விமானங்கள். ஏறத்தாழ பாதி திரும்பி வரவில்லை. மிச்சம் மீதியோடு ஜாவாவுக்குப் பின்வாங்கிய ஸ்குவாட்ரன் மார்ச்சில் இல்லாமலே போனது. அனுப்பியவர்களின் முடிவை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அடுத்த மாதமே போர் நம் வாசலுக்கு வந்தது. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை என்று ஜப்பானிய விமானங்கள் வரிசையாகக் குண்டு போட்டன. திருகோணமலை நமக்குத் தெற்கே சுமார் 300 கி.மீ. தாக்குதல் நடந்த அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தாலும், கவர்னர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனியை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் தளபதி தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டதால் நாமும் நேசநாட்டுத் தரப்புதான்.

அந்த 1942-லேயே, அக்டோபர் 22 அன்று, 36-ஆம் ஸ்குவாட்ரனைத் தஞ்சாவூரில் புதிதாகத் திரட்டினார்கள். இம்முறை கிடைத்தது இரட்டை எஞ்சின் வெலிங்டன். நீர்மூழ்கி வேட்டை, கப்பல்களுக்குக் காவல் என்று வங்கக்கடலில் ரோந்து. தஞ்சையில் கிளம்பி இருபது நிமிடத்துக்குள் நம் கரையைத் தாண்டியிருக்கும்.

வெலிங்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆர்வலர்கள் நிறுத்த மாட்டார்கள், நானும் அப்படித்தான். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் அதற்குமுன் ஆகாயக்கப்பல் வடிவமைத்தவர். அந்த அனுபவத்தில் விமானத்தின் உடம்பை மெல்லிய உலோகப் பட்டைகளால், கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார். மேலே போர்த்தியது தகடு அல்ல, துணி. பசைப்பூச்சு பூசினால் துணி விறைத்து நிற்கும். குண்டு துளைத்துப் பெரிய ஓட்டை விழுந்தாலும், அறுபடாத பட்டைகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். 11,400-க்கு மேல் செய்த அந்த விமானத்தில் இன்று முழுசாகச் சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு, இரண்டும் இங்கிலாந்தில். அதில் ஒன்றை 1985-இல் லாக் நெஸ் ஏரியின் அடியிலிருந்து தூக்கினார்கள்.

1943 ஜூனில் ஸ்குவாட்ரன் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டது. போர் முடிந்தபின் தஞ்சை ஓடுபாதைக்குப் பெரிய வேலையில்லை. வாயுதூத் என்ற உள்நாட்டு விமான நிறுவனத்தின் சிறு விமானங்கள் சில காலம் வந்துபோயின. 2013 மே 27 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி விமானப்படைத் தளமாகத் திறந்துவைத்தார்.

இரண்டாவது, இந்திய விமானப்படையின் 222-ஆம் ஸ்குவாட்ரன், ‘டைகர்ஷார்க்ஸ்’. 1969 செப்டம்பர் 15 அன்று சுகோய்-7 விமானங்களோடு தொடங்கியது. எரிபொருள் குடிப்பதில் பேர்போன, ஆனால் அடிபட்டாலும் வீடு திரும்பும் விமானம் அது. 1971 போரில் பறந்தது. 1985-இல் மிக்-27 வந்தது. 2011-இல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்குவாட்ரனைக் கலைத்தார்கள். 2020 ஜனவரி 20 அன்று முப்படைத் தளபதி பிபின் ராவத் முன்னிலையில் அதே எண் தஞ்சாவூரில் திரும்பி வந்தது, சுகோய்-30 விமானங்களோடு. அவை சுமப்பது இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணை. 2017 நவம்பர் 22 அன்று சுகோயிலிருந்து அது முதன்முதலாக ஏவப்பட்டதும் வங்கக்கடலின் மேல்தான்.

222-இன் கதையை விமானப்படை பத்திரமாக வைத்திருக்கிறது. 36-இன் நாட்குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஓட்டியவர் யார் என்பதை அங்கே தேடலாம். அந்த ஓடுபாதைக்கு மண் சுமந்தவர்கள், முகாமுக்கு அரிசியும் மீனும் கொடுத்தவர்கள், வெலிங்டன் தாழப் பறந்ததைக் கட்டுமரத்திலிருந்து பார்த்தவர்கள் பற்றி அந்த ஏடுகளில் தேடிப் பயனில்லை. அவர்கள் கதை இருந்தால் நம் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துக் கூலிச்சீட்டு, ஒப்பந்தக் கடிதம், பிரெஞ்சில் எழுதிய காகிதம், பின்பக்கத்தில் தேதி போட்ட புகைப்படம் எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மலர்க்குழுவிடம் கொடுத்தால் நகலெடுத்துத் திருப்பித் தருகிறோம். இன்றைய தளத்தின் படங்கள் மட்டும் வேண்டாம். அங்கே படமெடுப்பது சட்டப்படி குற்றம்.